எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள், எந்த வழியாக?

இழவு வீட்டுக்குப் போய் மாலையைப் போட்டுவிட்டு, வாசல் பந்தலில் ஒரு நாற்காலி பார்த்து உட்கார்ந்ததும் பக்கத்தில் இருப்பவர் கேட்கிற முதல் கேள்வி எங்கள் மதுரையில் ஒன்றுதான்: "எத்தன மணிக்கு எடுக்குறாக?" எந்த வழியாகத் தூக்கிப் போகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. பாட்டன் போன வழி என்று ஒன்று இருக்கிறது. பேரனும் அதில்தான் போவான்.

சிம்மக்கல் பக்கம் எங்கள் தெரு. போன மாதச் சங்கக் கூட்டத்தில் அந்தக் கேட்கப்படாத கேள்வி எப்படியோ வந்து விழுந்துவிட்டது. "இனிமே யாரா இருந்தாலும் வண்டியிலதான். தெருமுனையைத் தாண்டித் தோள்ல தூக்கக் கூடாது" என்று செயலாளர் தீர்மானமே எழுதிக் கொண்டுவந்திருந்தார். பாதிப் பேர் சரி என்றார்கள். மீதிப் பேர் காபியைக்கூடக் குடிக்காமல் எழுந்துவிட்டார்கள். கடைசியில் "அண்ணே, நீங்க பேங்க்ல இருந்தவரு, எது தேவலைன்னு கணக்குப் போட்டு எழுதிக் குடுங்க" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். சாவுக்கு வரவு செலவு எழுதுவது இதுதான் முதல் தடவை. எழுதிப் பார்த்ததில், நான் நினைத்துக்கொண்டிருந்ததே கொஞ்சம் மாறிப் போனது.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்து ஆட்கள் போய்ச் சேருவது தத்தநேரி மயானத்துக்கு. நாங்கள் வைகைக்குத் தென்கரை, தத்தநேரி வடகரை. தூரம் இரண்டு மூன்று கிலோமீட்டர்தான், நடுவில் ஆறு. யானைக்கல்லில் இருந்து ஏ.வி. பாலம், அல்லது பக்கத்தில் தாழ்வாகக் கிடக்கும் கல்பாலம். அணையில் தண்ணீர் திறந்துவிட்டால் கல்பாலத்தில் போக முடியாது, போலீஸ் தடுப்பை வைத்து அடைத்துவிடும். அப்போது எல்லாக் கூட்டமும் ஏ.வி. பாலத்துக்குத்தான். பாலம் இறங்கினால் கோரிப்பாளையம். அங்கேதான் அரசு ராசாசி மருத்துவமனை. சுற்று மாவட்டங்களில் இருந்து வருகிற 108 வண்டிகள் பலவும் அந்தச் சந்திப்பை ஒட்டித்தான் உள்ளே திரும்ப வேண்டும். அங்கிருந்து செல்லூர், அப்புறம் தத்தநேரி. தத்தநேரியிலும் ஓர் ஆஸ்பத்திரி இருக்கிறது, இ.எஸ்.ஐ. ஆக, செத்தவரைத் தூக்கிக்கொண்டு போகும் வழி, பிழைக்கப் போகிறவர்கள் போகும் வழியோடு இரண்டு இடத்தில் மோதுகிறது.

மோதியதை நான் கண்ணால் பார்த்தேன். பெரியப்பா இறந்தபோது நடந்தேதான் போனோம். தாரை தப்பட்டை, பூப்பல்லக்கு, பொரி இறைக்க ஒருவர், சில்லறை வீச ஒருவர், சரவெடிக்கு மாப்பிள்ளைகள் நாலு பேர். 84 வயதுச் சாவு, கல்யாணச் சாவு என்று சொல்வார்களே, அது. சந்திப்பில் மேளக்காரர்கள் வட்டம் கட்டினார்கள். ஆட்டம் ஏறியது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம். அந்தச் சத்தத்துக்கு அடியில் ஒரு சைரன் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. எங்கள் காதில் விழவில்லை. பாலத்தின் இறக்கத்தில் ஆம்புலன்ஸ் நின்றுகொண்டிருந்தது. ஒரு பையன் அதிலிருந்து இறங்கி ஓடிவந்து, யாரைப் பார்த்துக் கேட்பது என்று தெரியாமல், கையில் துண்டு வைத்திருந்த என்னைப் பார்த்துக் கும்பிட்டான். கூட்டத்தை ஒதுக்கினோம். வண்டி போனது. உள்ளே இருந்தவருக்கு என்ன ஆயிற்று என்று நான் விசாரிக்கவில்லை. விசாரிக்கப் பயம்.

இதற்கு நேர் எதிராக என் மாமியார். வண்டியில் கொண்டுபோனோம். கண்ணாடி வைத்த வேன், ரோஜா மாலை, பின்னால் இரண்டு கார். வாசலில் ஏற்றியதுதான் தெரியும், தத்தநேரி கேட்டில் இறங்கிவிட்டோம். பொம்பளைகள் வாசலில் அழுதுகொண்டிருக்கும்போதே வண்டி முனை திரும்பிவிட்டது. என் மனைவி இன்றைக்கும் சொல்லுவாள், "அம்மாவக் கொரியர்ல அனுப்புன மாதிரி அனுப்பிட்டோம்" என்று. அன்று ஒரு வண்டி, ஒரு பஸ்கூட எங்களால் நிற்கவில்லை. அதுவும் உண்மைதான்.

இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பேச வேண்டியிருக்கிறது.

நடையாகவே முழு வழியும்

தோளில் தூக்கிப் போவதைப் பழைய பழக்கம் என்று தள்ளிவிடுவது எளிது. தள்ளுவதற்கு முன் உண்மையிலேயே எவ்வளவு சாலையை அது அடைக்கிறது என்று பார்த்தேன். வங்கிப் புத்தி.

சராசரி ஊர்வலத்தில் 150 பேர் என்று வைத்துக்கொள்வோம். இருவழிச் சாலையின் அகலம் ஏறக்குறைய 7 மீட்டர். இடதுபக்கப் பாதியில் மட்டும், வரிசைக்கு மூன்று பேராக நடந்தால் 50 வரிசை. வரிசைக்கு ஒன்றே கால் மீட்டர் இடைவெளி விட்டால் மொத்த நீளம் 60 மீட்டரை ஒட்டி வரும். பாடை தூக்கி நடக்கிறவர்கள் மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது நிமிடத்துக்கு 50 மீட்டர், தாராளமாகப் போவார்கள். அப்படியானால் ஓர் இடத்தை அந்த ஊர்வலம் முழுதாகக் கடந்து போக ஒன்றேகால் நிமிடம். 30 மீட்டர் அகலமான ஒரு சந்திப்பைக் கடக்க இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. ஒரு சிவப்பு விளக்கில் நிற்கிற நேரம்தான்.

அதே 150 பேர் சாலை முழுக்கப் பரவி, சந்திப்பில் பத்து நிமிடம் நின்று ஆடினால்? நிமிடத்துக்கு 20 வண்டி வருகிற சாலை என்றால் பின்னால் 200 வண்டி. ஊர்வலம் நகர்ந்த பிறகு சந்திப்பு நிமிடத்துக்கு 30 வண்டியை விட்டாலும், புதிதாக 20 வந்துகொண்டே இருக்கும். மிச்சம் பிடிப்பது 10தான். அந்த 200 வண்டி கரைய இன்னும் 20 நிமிடம். பத்து நிமிட ஆட்டத்துக்கு அரை மணி நேர நெரிசல். நாங்கள் அப்போது செல்லூரைத் தாண்டியிருப்போம், எங்களுக்கு அது தெரியவே தெரியாது.

எனவே நடப்பதால் அடைபடுவது கொஞ்சம். நிற்பதாலும் பரவுவதாலும் அடைபடுவதுதான் அதிகம். செயலாளர் தம்பியின் தீர்மானம் நடையைத் தடுக்கிறது. நிற்பதைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

நிற்பதிலும் இரண்டு வகை உண்டு. சடங்குக்காக நிற்பது ஒன்று. முச்சந்தியில் பாடையை இறக்கித் திசை மாற்றித் தூக்குவார்கள், மயான வாசலில் அரிச்சந்திரனுக்குச் செய்வார்கள். பாடையை இறக்கித் தூக்க ஆகிற நேரம் மிஞ்சிப்போனால் மூன்று நிமிடம், அதையும் தெருவுக்குள் இருக்கிற முச்சந்தியிலேயே முடித்துவிடலாம். எந்தச் சாஸ்திரமும் கோரிப்பாளையத்தில் செய் என்று சொல்லவில்லை. மற்றது ஆட்டத்துக்காக நிற்பது. பறை அடிக்கிறவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்கள் நடந்துகொண்டேதான் அடிக்கிறார்கள். வட்டம் கட்ட வைப்பது நாம், நோட்டு குத்துவது நாம்.

அப்புறம் பூ. ஊர்வலம் போய் ஒரு மணி நேரம் கழித்து அந்தச் சாலையில் பைக் ஓட்டிப் பாருங்கள். மிதிபட்ட சம்பங்கியும் சாமந்தியும் எண்ணெய் தடவிய மாதிரி ஆகிவிடும். முழு மாலையாக வீசினால் சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும். நெரிசலாவது அரை மணியில் தீரும். பூவினால் விழுந்த கை எலும்பு ஆறு வாரம். பல்லக்கில் இருக்கிற மாலை பல்லக்கிலேயே இருக்கட்டும் என்று சொன்னால் யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை. ஆனாலும் இதை யாரும் சொல்வதில்லை. சரவெடி விஷயத்தில் சொல்லவே வேண்டியதில்லை. கோத்துக் கட்டிய வெடிகளை விற்கவும் வெடிக்கவும் உச்ச நீதிமன்றம் 2018-லேயே தடை போட்டுவிட்டது. தீபாவளிக்கு இருக்கிற தடை சாவுக்கு மட்டும் இல்லாமல் போகுமா?

சட்டம் என்று எடுத்தால் கொஞ்சம் வேடிக்கைதான். ஊர்வலத்தைக் கடக்கும் வண்டி 25 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது என்று எல்.எல்.ஆர். எடுக்கப் போகிற பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். ஆம்புலன்ஸுக்கு வழிவிடாத ஓட்டுநருக்கு 2019 திருத்தத்துக்குப் பிறகு 10,000 ரூபாய் அபராதம், இல்லையென்றால் 6 மாதம் வரை சிறை. பாடைக்கு முன்னால் ஆடுகிறவர் ஓட்டுநர் இல்லையே, அவரை அந்தப் பிரிவு தொடாது. பொதுவழியை மறித்தால் 5,000 ரூபாய் வரை அபராதம் என்று பாரதிய நியாய சன்ஹிதாவில் இருக்கிறது. இழவு வீட்டில் போய் அந்தத் தாளை நீட்டுகிற காவலரை நான் இதுவரை பார்த்ததில்லை. பார்க்கவும் ஆசையில்லை. இதை அவர்கள் தலையில் போடாமல் நாமே முடிப்பதுதான் மரியாதை.

வாசலில் ஏற்றி மயானத்தில் இறக்குவது

வண்டிக்கு ஆதரவாகச் சொல்ல நிறைய இருக்கிறது. இன்றைக்குத் தோள் கொடுக்க ஆள் இல்லை. பிள்ளைகள் சென்னையிலும் துபாயிலும் இருக்கிறார்கள். வந்து சேர்கிற நாலு பேருக்கும் அறுபதைத் தாண்டிவிட்டது, ஒருத்தருக்கு முட்டி தேய்மானம், ஒருத்தருக்கு ஸ்டென்ட். மே மாத வெயிலில் வெறுங்காலோடு தார்ச்சாலையில் இரண்டு கிலோமீட்டர் நடக்கச் சொல்வது இன்னொரு சாவுக்கு நாள் குறிப்பது போல. வீட்டில் இறப்பவர்களுக்குத் தனியார் வண்டிதான் கூப்பிட வேண்டும். அரசு மருத்துவமனையில் இறந்தவர்களுக்கு இலவச அமரர் ஊர்தி இருக்கிறது, எண் 155377. இது பலருக்குத் தெரிவதில்லை. 108-ஐக் கூப்பிட்டுவிட்டு, வராத வண்டியைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். 108 உயிரோடு இருப்பவர்களுக்கு மட்டும்தான்.

ஆனால் வண்டி என்றாலே நெரிசல் இல்லை என்று செயலாளர் நினைப்பது தப்பு. என் மாமியார் போனது இரண்டு கார் துணையோடு. போன வருடம் எதிர்த் தெருவில் 23 வயதுப் பையன் ஒருவன் விபத்தில் போனான். அமரர் ஊர்தி ஒன்றுதான். அதைச் சுற்றி நாற்பது ஐம்பது பைக், பைக்குக்கு மூன்று பேர், ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டு, எதிர்ப்பக்கத்தையும் சேர்த்து அடைத்துக்கொண்டு. நடந்து போகிற கூட்டத்தை ஒரு பெரியவர் துண்டை வீசி ஒதுக்கிவிடலாம். பைக் கூட்டத்தை யார் ஒதுக்குவது? அந்தப் பிள்ளைகளின் துக்கத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. நடக்க விட்டிருந்தால் நடந்திருப்பார்கள். வண்டி வைத்ததால் அவர்களும் வண்டி எடுத்தார்கள்.

இன்னொன்று, பெண்கள். எங்கள் பக்கம் பெரும்பாலான வீடுகளில் பெண்கள் மயானத்துக்கு வருவதில்லை. தெருமுனை வரைக்கும் வருவார்கள். முச்சந்தியில் பாடையை இறக்கும்போது மூன்று சுற்று சுற்றி, விழுந்து கும்பிட்டு, அதோடு திரும்புவார்கள். அந்த இருநூறு மீட்டர்தான் மொத்த வாழ்க்கைக்கும் அவர்களுக்குக் கிடைக்கிற வழியனுப்பு. வாசலிலேயே வண்டியில் ஏற்றிவிட்டால் அதுவும் போச்சு. கூட்டத்தில் தீர்மானத்துக்குக் கை தூக்கியவர்கள் எல்லாரும் ஆண்கள் என்பதைக் குறித்து வைக்கிறேன். பெண்கள் மயானத்துக்கே வரலாமே என்று என் மகள் கேட்கிறாள். வரலாம். அது வேறு கூட்டத்துக்கான தீர்மானம்.

எழுந்து போனவர்கள் சொன்னது

காபியைக் குடிக்காமல் போனவர்களில் ஒருவர் எனக்கு மூத்தவர். மறுநாள் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். நெரிசல் பற்றி நான் பேசியதையெல்லாம் கேட்டுவிட்டு, மெதுவாகச் சொன்னார்: "தம்பி, எங்க ஊர்ல எங்க தாத்தாவை மெயின் வீதி வழியா விடல. வயக்காட்டு வரப்புல, முழங்கால் சேத்துல தூக்கிட்டுப் போனோம். நான் செத்தா மெயின் ரோட்டுல போகணும்னுதான் மதுரைக்கே வந்தேன்னு வச்சுக்கங்களேன்."

இதற்கு என் கணக்கில் பத்தி இல்லை. ஆனால் நடந்த விஷயங்கள் இவை. 2016 ஜனவரியில் மயிலாடுதுறை பக்கம் திருநாள்கொண்டச்சேரியில் ஒரு தலித் முதியவரின் உடலைப் பொதுப்பாதை வழியாகக் கொண்டுபோக உயர் நீதிமன்றமே உத்தரவு போட்டது. அதற்குப் பிறகும் போலீஸ் உடலை எடுத்து வேறு வழியில் கொண்டுபோய்த்தான் அடக்கம் செய்தது. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி பக்கம், நிலத்துக்குள் வழி விடாததால், உடலைப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டிக் கீழே இறக்கிய காட்சியை நாடே பார்த்தது. உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது.

எனவே "இந்தச் சாலையில் போகாதே" என்கிற வாக்கியம் நம் நாட்டில் போக்குவரத்து வாக்கியம் மட்டும் இல்லை. சிலர் அதை முன்பே வேறு வாயால் கேட்டிருக்கிறார்கள். தெருவில் ஒரு விதி போடுவதாக இருந்தால் அது எல்லா வீட்டுக்கும், கவுன்சிலர் வீட்டுக்கும் சேர்த்து, ஒரே மாதிரி இருக்க வேண்டும். பெரிய மனிதர் சாவுக்கு மட்டும் சாலை முழுதும், மற்றவர்களுக்கு வண்டி என்று ஆனால், அந்த மூத்தவர் எழுந்து போனது சரிதான்.

நேரத்தை மாற்றுவது

இது தனியான வழி இல்லை. எந்த வழியோடும் சேர்த்துக்கொள்ளலாம். என் கணக்கில் இதுதான் செலவே இல்லாதது.

முன்பெல்லாம் உடல் தாங்காது, பொழுது சாய்வதற்குள் எடுத்தாக வேண்டும். ராகு காலம், எமகண்டம் எல்லாம் தள்ளிப் பார்த்தால் மூன்றரை நாலு மணி என்று வந்து நிற்கும். பள்ளிக்கூடம் விடுகிற நேரம் அதுவேதான். செல்லூர் வழியில் வேன், ஆட்டோ, சைக்கிள் பிள்ளைகள், அதற்கு நடுவில் பாடை. அந்த நெரிசலில் பாதி நம்மால், பாதி நாம் நேரம் பார்த்ததால்.

ஃப்ரீசர் பெட்டி வந்த பிறகு நேரம் நம் கைக்கு வந்துவிட்டது. அந்த வசதியை வெளிநாட்டு மகனுக்குக் காத்திருக்க மட்டும் பயன்படுத்துகிறோம். நாளும் ஒரு நாள் தள்ளிப் போகிறது, எடுக்கும் நேரம் மட்டும் அதே நாலு மணியாகவே இருக்கிறது. காலை ஏழு மணிக்கு எடுத்தால் என்ன? பதினொரு மணிக்கு எடுத்தால் என்ன? எரிவாயு மேடையில் எப்படியும் முறை வைத்துத்தான் உள்ளே விடுவார்கள். ஒரு உடலுக்கு ஒரு மணி, ஒன்றரை மணி ஆகும். நாலு மணிக் கூட்டத்தில் போய் வரிசையில் நிற்பதைவிட முற்பகலில் போய் உடனே முடிப்பது குடும்பத்துக்கும் நல்லது. விறகில் எரித்த காலத்தில்தான் ஐந்தாறு மணி நேரம், ராத்திரிக் காவல் என்று யோசிக்க வேண்டியிருந்தது. வெளியூர் உறவுகள் காலை ஏழுக்கு வந்து சேர முடியாது என்பார்கள். சரி, பதினொன்று. அதற்கு மேல் சாக்கு கிடையாது.

இன்னொரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஃப்ரீசர் பெட்டியால் வாசல் பந்தல் இரண்டு நாள் நிற்கிறது. ஊர்வலம் தெருவைக் கடக்கப் பத்து நிமிடம் என்றால், பந்தலும் நாற்காலியும் தெருவை அடைப்பது 36 மணி நேரம். யாரும் அதை நெரிசல் என்று சொல்வதில்லை, பழகிவிட்டது. பாதித் தெருவுக்குப் பந்தல் போட்டால் போதும். மீதிப் பாதியில் ஒரு ஆட்டோ போக வேண்டும். நடுராத்திரியில் இன்னொரு வீட்டில் நெஞ்சு வலி வந்தால் ஆட்டோ எப்படி உள்ளே வரும்?

கூட்டம் பெரிதாக இருந்தால் கூடுகிற இடத்தையே மாற்றலாம் என்பதற்குப் பெரிய உதாரணம் 2023 டிசம்பரில் சென்னையில் பார்த்தோம். விஜயகாந்த் 28-ஆம் தேதி இறந்ததும் உடலைக் கோயம்பேடு கட்சி அலுவலகத்தில் வைத்தார்கள். சாலை தாங்கவில்லை. மறுநாள் காலை தீவுத்திடலுக்கு மாற்றினார்கள். ஜனங்கள் அங்கே வரிசையில் வந்து பார்த்தார்கள். மாலையில் ஊர்வலமாகத் திரும்பக் கொண்டுவந்து கோயம்பேட்டிலேயே அடக்கம். அவருடைய எங்கள் ஊர் ரசிகர்கள் பலர் வேன் பிடித்துப் போனார்கள், கதை கதையாகச் சொன்னார்கள். நம் வீட்டுச் சாவுக்குத் தீவுத்திடல் கிடைக்காது. ஆனால் தெருவில் ஒரு சமுதாயக் கூடமோ காலி மனையோ இருந்தால், வருகிறவர்கள் பைக்கை அங்கே நிறுத்தினாலே பாதிச் சாலை மிச்சமாகும்.

இரண்டு முனையிலும் நடை, நடுவில் வண்டி

என் கை போவது இதற்குத்தான்.

வாசலில் தூக்கி, மேளத்தோடு, பெண்கள் எல்லாரும் கூட வர, தெருமுனை முச்சந்தி வரைக்கும் தோளில். சடங்கு அங்கே. ஆட வேண்டுமா, அங்கே ஆடுங்கள், அது நம் தெரு. அப்புறம் வண்டியில் ஏற்றுவது. பாலம், கோரிப்பாளையம், செல்லூர் வரைக்கும் வண்டி, மற்றவர்களுக்கு இரண்டு வேன் அல்லது ஷேர் ஆட்டோ. பைக்குகள் முன்கூட்டியே போய் மயானத்துக்குள் நின்றுகொள்ள வேண்டும், கூடவே வரக் கூடாது. தத்தநேரியில் மெயின் ரோட்டை விட்டு உள்ளே திரும்பியதும் மறுபடி இறக்கித் தோளில் தூக்கி, அரிச்சந்திரன் வரைக்கும், மேடை வரைக்கும் நடை.

இதில் குறை இல்லாமல் இல்லை. இரண்டு தடவை ஏற்றி இறக்க வேண்டும், பூப்பல்லக்கு உயரமாகக் கட்டினால் வண்டிக்குள் போகாது. பல்லக்கைத் தாழ்வாகக் கட்டச் சொல்ல வேண்டும், கட்டுகிறவர் முணுமுணுப்பார். மேளக்காரர்களுக்கும் ஒரு வண்டி வைக்க வேண்டும், செலவு கூடும். "பாதி வழி தூக்கிட்டுப் பாதி வழி வண்டியா, அது என்ன கணக்கு?" என்று என் சித்தப்பா கேட்டார். ஆனால் அவரிடமே கேட்டேன், பெரியப்பா போன அன்று அவருக்கு எது ஞாபகம் இருக்கிறது என்று. முச்சந்தியில் பெரியம்மா விழுந்தது, மயான வாசலில் பேரப்பிள்ளை நெய்ப்பந்தத்தோடு நின்றது. நடுவில் பாலம் ஞாபகம் இல்லை. எனக்கு அந்தப் பாலத்தில் ஞாபகம் இருப்பது கும்பிட்ட பையன் மட்டும்தான்.

வண்டியே வேண்டாம், முழுக்க நடைதான் என்று ஒரு வீடு பிடிவாதமாக இருந்தால் அதையும் தடுக்கக் கூடாது என்றே எழுதியிருக்கிறேன். அதற்குச் சில ஏற்பாடு மட்டும். சப்பரத்துக்குப் பிடிப்பது போல வலப்பக்கத்தில் ஒரு கயிறு, நாலு பேர் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும், கயிற்றுக்கு அந்தப்பக்கம் யாரும் போகக் கூடாது. முன்னால் 50 மீட்டரில் ஒருவர், பின்னால் 50 மீட்டரில் ஒருவர், பொழுது மங்கினால் ஒளிரும் சட்டையோடு, ஏனென்றால் பின்னாலிருந்து வருகிற லாரிக்குப் பாடை தெரியாது. பாலத்தில் நிற்கக் கூடாது. கோரிப்பாளையத்தில் நிற்கக் கூடாது. புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு போக்குவரத்துக் காவலருக்கு ஒரு போன். சைரன் கேட்டால் முதலில் மேளம் நிற்க வேண்டும். மேளம் நின்றால்தான் மற்றவர் காதில் சைரன் விழும். பெரியப்பா ஊர்வலத்தில் எங்களுக்குத் தெரியாமல் போனது அந்த ஒன்றுதான்.

வைகையில் தண்ணீர் வந்து கல்பாலம் அடைபட்டிருக்கிற நாட்களிலும், அழகர் ஆற்றில் இறங்குகிற சித்திரை நாட்களிலும் மட்டும் நடை கூடாது, வண்டிதான். அந்த நாட்களில் உயிரோடு இருப்பவர்களுக்கே பாலத்தில் இடம் இல்லை. தென்கரையில் கீரைத்துறை மயானம் இருக்கிறதே, ஆற்றைத் தாண்டாமலேயே போகலாமே என்று ஒரு யோசனையும் வந்தது. கணக்கில் அதுதான் முதல் இடம். ஆனால் அப்பனை எரித்த இடத்தில்தான் பிள்ளையையும் என்கிறவர்களிடம் அந்தக் கணக்கைக் காட்ட எனக்குத் தைரியம் வரவில்லை.

நேற்றுக் கூட்டத்தில் இதை வாசித்தேன். செயலாளர் "கூடாது" என்கிற வார்த்தையை எடுத்துவிட்டு, தெருமுனை வரைக்கும் நடை, பாலத்துக்கு வண்டி, எல்லா வீட்டுக்கும் ஒன்று என்று திருத்தி எழுதினார். பூவை ரோட்டில் போடுவதில்லை என்பதற்கு மட்டும் எல்லாருமே கை தூக்கினார்கள், வாசலில் நின்று கேட்ட பெண்களும் சேர்த்து. மூத்தவர் வந்திருந்தார். கையெழுத்துப் போடுவதற்கு முன், கயிறு யார் வாங்குவது என்று கேட்டார். பிள்ளையார் கோயில் சப்பரத்துக் கயிறு நைந்து போய்விட்டது, எப்படியும் புதுசு வாங்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே கயிறு ஆகாது என்று ஒரு பேச்சு வந்தது. அதற்கும் தனியாக இன்னொன்று வாங்குவதென்று, 60 மீட்டர், என் பெயரில் கணக்கு எழுதிவிட்டார்கள்.